ஈற்றுக் கணக்கும் பதிவுச் சான்றும்: நாய் இனப்பெருக்க விதிகள் குறித்து வாசகர் கேள்விகள்

நாய்க்குட்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை குட்டி எடுத்து விற்போர் எழுதியவை. உரிமம் வேண்டுமா, யாரிடம் பெறுவது, எத்தனை ஈற்று எடுக்கலாம், எத்தனை நாளில் குட்டியைக் கொடுக்கலாம் என்று ஏறத்தாழ ஒரே கேள்விகளைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். இந்தியாவில் இவற்றுக்கு விடை சொல்வது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2017 மே 23 அன்று அறிவிக்கை செய்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள். கால்நடை மருத்துவன் என்ற முறையில் இந்த விதிகளின்படி நடந்த சில ஆய்வுகளுக்கு நானும் சென்றிருக்கிறேன். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன். கடிதம் எழுதியோரின் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வயது லாப்ரடார் பெட்டை இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரின் ஆண் நாயுடன் இணை சேர்த்ததில் ஏழு குட்டிகள் ஈன்றிருக்கிறது. இரண்டை உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டு மற்ற ஐந்தையும் விற்கலாம் என்றிருக்கிறோம். உரிமம் என்பது பண்ணை வைத்து நடத்துவோருக்குத்தான், வீட்டில் ஓர் ஈற்று எடுப்பவர்களுக்கு அது பொருந்தாது என்கிறார் அவர். இது சரிதானா? (இல்லத்தரசி ஒருவர்)

பதில்: சரியன்று, அம்மா. குறிப்பிட்ட இன நாய்களை இனப்பெருக்கத்துக்காகவும் நாய், குட்டி ஆகியவற்றின் விற்பனைக்காகவும் வைத்திருக்கும் தனிநபரையும் குழுவினரையும் 2017 விதிகள் ஒன்றாகவே ‘இனப்பெருக்கம் செய்பவர்’ என்று வரையறுக்கின்றன. இத்தனை நாய்களுக்கு மேல் இருந்தால் மட்டும், இத்தனை ஈற்றுக்கு மேல் எடுத்தால் மட்டும் என்று எந்த எண்ணிக்கை வரம்பும் அந்த வரையறையில் இல்லை. மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் எவரும் இத்தொழிலைத் தொடங்கவோ தொடரவோ கூடாது என்பதே விதியின் அடிப்படை. பேச்சுவழக்கில் நாம் உரிமம் என்று சொன்னாலும், விதியில் அதற்குப் பெயர் பதிவுச் சான்றிதழ்தான். அதைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

உங்களிடம் இப்படிச் சொன்னவர் பிற நாட்டு விதிகளைப் படித்திருக்கக்கூடும். இங்கிலாந்தில் 2018-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, 12 மாதங்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஈற்று எடுத்துக் குட்டிகளை விற்பவர்களுக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் கட்டாயம். அதற்குக் குறைவாக எடுத்தாலும், அது வணிகமாக நடந்தால் உரிமம் வேண்டும். அமெரிக்காவில், ஈற்றுக்கு விடப்படும் பெட்டைகள் நான்குக்கு மேல் இருந்து, குட்டிகளை நேரில் காட்டாமலோ இடைத்தரகர் மூலமாகவோ விற்போருக்கு மத்திய வேளாண்மைத் துறையின் உரிமம் தேவைப்படுகிறது. இவ்வகை விலக்குகளை நம் விதிகளில் தேடினால் கிடைக்காது. எண்ணிக்கை வரம்பு வைக்காதது கடுமையானது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. வரம்பு வைத்த நாடுகளில், வரம்புக்குச் சற்றுக் கீழே நாய்களைப் பல வீடுகளில் பிரித்து வைத்து நடத்தும் பழக்கம் உண்டாகிவிடுகிறது என்பதே அங்கிருந்து எழும் முதன்மையான குறை.

ஐந்து குட்டிகளை விலைக்குக் கொடுப்பதாக இருந்தால் உங்கள் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தையோ மாநில வாரியத்தையோ அணுகி முறைப்படி விண்ணப்பியுங்கள். இதற்கு மேல் ஈற்று எடுக்கும் எண்ணம் இல்லையென்றால், பணம் வாங்காமல் நன்கு அறிந்த குடும்பங்களுக்குக் குட்டிகளைக் கொடுத்துவிட்டு, குட்டிகள் பால் மறந்த பிறகு பெட்டைக்குக் கருத்தடை அறுவை செய்துவிடுவதே நான் சொல்லும் யோசனை. எந்த வழியில் சென்றாலும் குட்டிகள் எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும்.

கேள்வி: என்னிடம் உள்ள நாய்கள் அனைத்துக்கும் கென்னல் கிளப் பேப்பர் இருக்கிறது. மாநகராட்சியில் செல்லப் பிராணி உரிமமும் எடுத்திருக்கிறேன். இவை போதாதா? (தனியார் நிறுவன ஊழியர்)

பதில்: போதா. கென்னல் கிளப் சான்று, மாநகராட்சி உரிமம், வாரியத்தின் பதிவுச் சான்றிதழ் ஆகிய மூன்றும் வெவ்வேறு ஆவணங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் தருவது வம்சாவளிச் சான்று. இன்ன நாய்க்கும் இன்ன நாய்க்கும் பிறந்தது இது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்தத் தாய் எத்தகைய இடத்தில் வைக்கப்பட்டிருந்தது என்பது அதிலிருந்து தெரியாது. மாநகராட்சி உரிமம், இந்த முகவரியில் தடுப்பூசி போட்ட ஒரு நாய் வளர்க்கப்படுகிறது என்பதற்கான அத்தாட்சி. குட்டி எடுத்து விற்கும் அனுமதி வாரியத்தின் பதிவுச் சான்றிதழால் மட்டுமே கிடைக்கும். இரண்டு வெவ்வேறு இடங்களில் நாய்களை வைத்திருந்தால் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஆய்வுக்கு வரப்போவதாகச் சொல்கிறார்கள். என்னவெல்லாம் பார்ப்பார்கள், எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்? புதிதாக டைல்ஸ் பதித்து, வண்ணம் பூசி வைத்திருக்கிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, வண்ணம் பூசியது நல்லதுதான். ஆனால் நான் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் முதலில் கேட்பது பதிவேட்டை. ஆண், பெண் நாய்கள் ஒவ்வொன்றின் இனம், பிறந்த தேதி, மைக்ரோசிப் எண், இணை சேர்த்த தேதி, ஈன்ற தேதி, பிறந்த குட்டிகள் எத்தனை, இறந்தவை எத்தனை, விற்றவை யாருக்குச் சென்றன, அவர்களின் முகவரி என்ன என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். விற்றவை, கைமாறியவை, இறந்தவை ஆகியவற்றின் கணக்கை ஆண்டுதோறும் வாரியத்துக்கும் அனுப்ப வேண்டும்.

ஒருமுறை ஓரிடத்தில் பதிவேடு மிக நேர்த்தியாக இருந்தது. ஒரே மையில், ஒரே கையெழுத்தில், அடித்தல் திருத்தல் எதுவுமின்றி மூன்றாண்டுக் கணக்கும் எழுதப்பட்டிருந்தது. நான் சிப் படிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குப்பிதான். அதில் மின்கலம் கிடையாது, நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டவும் செய்யாது. தோள்பட்டைகளுக்கு நடுவே கருவியைக் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைத் தரும், அவ்வளவுதான். மூன்றாம் அறையில் இருந்த பெட்டையின் மேல் கருவியை வைத்தபோது வந்த எண், பதிவேட்டில் இரண்டாண்டுக்கு முன் இறந்ததாகக் குறிக்கப்பட்ட நாயினுடையது. அந்தப் பெட்டையின் மடிக்காம்புகள் தொங்கியிருந்தன. அடிவயிற்றில் பழைய அறுவைத் தழும்பு இருந்தது. முன்பற்கள் தேய்ந்துபோயிருந்தன. எட்டு வயதைக் கடந்த நாயை, வேறொரு இளம் நாயின் பெயரில் ஈற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அறைக்குள் நுழைந்தபோது அது எழுந்து நிற்கவும் இல்லை, குரைக்கவும் இல்லை. அன்று முதல் பதிவேட்டைப் பார்த்து முடித்தவுடன், ஒவ்வொரு நாயின் எண்ணையும் நானே படித்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த இடத்திலிருந்தும் வருவதில்லை.

நீங்கள் தயாராக வைக்க வேண்டியவற்றுள் முதன்மையானது ஈனும் அறை. பிறந்த குட்டிகளுக்கு முதல் இரண்டு வாரங்கள் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளும் திறன் இல்லை. முதல் வாரத்தில் அவை படுத்திருக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். வெறும் டைல்ஸ் தரை குட்டியின் வயிற்றைக் குளிரவைத்துவிடும், நடக்கத் தொடங்கும் குட்டிகளின் கால்களும் அதில் சறுக்கிப் பரந்துபோகும். உலர்ந்த, சறுக்காத விரிப்பைப் போடுங்கள். தாய் தன் முதுகைச் சுவரோடு சாய்க்கும்போது குட்டி நசுங்காமலிருக்க, பெட்டியின் உட்புறம் சுற்றிலும் சிறிய தடுப்புக் கட்டை பொருத்துங்கள். புதிதாக வரும் நாயைச் சில நாள் தனித்து வைக்கவும், நோயுற்றதைப் பிரித்து வைக்கவும் தனியிடம் வேண்டும். தண்ணீர், வெளிச்சம், காற்று, நாள்தோறும் ஓடித் திரிய இடம் ஆகியவை இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். பழக்கமாகச் சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான உடற்பயிற்சி தராமல் இருப்பதே 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவின்கீழ் குற்றம் என்பது பலருக்குத் தெரியாது.

சான்றிதழ் கிடைத்ததும் வருவோர் பார்வையில் படும்படி மாட்டி வையுங்கள். அதன் பிறகும் எப்போது வேண்டுமானாலும் ஆய்வுக்கு வரலாம்.

கேள்வி: என்னிடம் உள்ள ஜெர்மன் ஷெப்பர்ட் பெட்டை ஆண்டுக்கு இரண்டு முறை ஹீட்டுக்கு வருகிறது. நல்ல ஆரோக்கியம், ஒவ்வொரு முறையும் எட்டு ஒன்பது குட்டிகள். இயற்கையே இரண்டு முறை வாய்ப்புத் தரும்போது ஒரு பருவத்தை ஏன் வீணாக்க வேண்டும்? விதி என்ன சொல்கிறது? (விவசாயி)

பதில்: விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 18 மாதம் நிறையாத நாயை இணை சேர்க்கக் கூடாது. இணை சேர்ப்பதற்கு முன்பே அதன் உடல்நலத்துக்குக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். 12 மாதங்களில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வயதுக்குப் பிறகு அறவே கூடாது. பெட்டையைக் கட்டிப்போட்டு வலுக்கட்டாயமாக இணை சேர்ப்பதும் கூடாது. இங்கிலாந்தின் பழைய சட்டம் வாழ்நாளில் ஆறு ஈற்று வரை அனுமதித்தது. நம் விதி அதைவிட ஒன்று குறைத்தே வைத்திருக்கிறது.

பருவத்தை வீணாக்குவது என்கிறீர்கள். மாடு வைத்திருப்பவர் நீங்கள், ஆகவே கறவையின் கணக்கிலேயே பாருங்கள். ஒரு சினைப்பருவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஆறு, ஏழு மாதங்கள். அதில் சினைக்காலம் 63 நாட்கள். பாலூட்டும் காலம் அடுத்த ஆறு முதல் எட்டு வாரங்கள். குட்டிகளின் எடை பிறந்த எட்டு, பத்து நாட்களுக்குள் இரண்டு மடங்காகிறது. அந்த எடை முழுவதும் தாயின் உடலிலிருந்து பாலாக இறங்கியதுதான். ஒன்பது குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பெட்டைக்கு மூன்றாம், நான்காம் வாரத்தில் வழக்கமான தீவனத்தைப் போல மூன்று, நான்கு மடங்குகூடத் தேவைப்படலாம். என்ன கொடுத்தாலும் விலா எலும்பு தெரியத்தான் செய்யும், மயிர் கொட்டத்தான் செய்யும். பால் மறந்து, மடி வற்றி, உடல் தேறி, மயிர் புதிதாக முளைத்து நிமிர்வதற்குள் அடுத்த பருவம் வந்து நிற்கிறது. அந்த உடலை உடனே அடுத்த ஈற்றுக்கு அனுப்புவது நியாயமாகுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈற்றுக்குப் பின் வரும் சுண்ணாம்புச் சத்துக் குறைவைப் பற்றி ஒரு வார்த்தை. இது சிறிய இன நாய்களில் அதிகம், பெரிய ஈற்று ஈன்ற எந்தத் தாய்க்கும் வரலாம். ஈன்ற இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தாய் மூச்சிரைக்கும், நிலைகொள்ளாமல் நடக்கும், கால்கள் விறைக்கும், உடல் நடுங்கும், காய்ச்சல் ஏறும். அந்த வேளையில் குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் நாய் இறந்துபோகும். இதற்குப் பயந்து சினைக்காலத்திலேயே சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை அள்ளிக் கொடுக்கிறார்கள். அது நேர்மாறான விளைவையே தரும். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பிலிருந்து அந்தச் சத்தை எடுத்துத் தரும் இயல்பான ஏற்பாடு உடலில் மந்தமாகிவிடுகிறது. பால் சுரக்கத் தொடங்கியதும் திடீரென்று தேவை கூடும்போது உடலால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாக ராஜபாளையம் நாய் வளர்க்கிறோம். தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் கெடாமலிருக்க எங்கள் வீட்டு நாய்களுக்குள்ளேயே இணை சேர்ப்பது வழக்கம். இதையும் விதி தடுக்கிறதா? நாட்டு நாய்களுக்கு விலக்கு இல்லையா? (நாட்டு நாய் ஆர்வலர்)

பதில்: நாட்டு நாய்க்கென்று தனி விலக்கு இல்லை. தந்தை மகள், உடன்பிறந்தவை போன்ற நெருங்கிய உறவுகளுக்குள் இணை சேர்ப்பதை விதிகள் தடுக்கின்றன. உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டபோது எனக்கு உண்டான பெருமை இன்னும் குறையவில்லை. அந்த இனம் நிலைக்க வேண்டும் என்பதாலேயே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் உயிர்வாழத் தேவையான திரவச் சூழலைப் பேணுவதில் அவற்றுக்குப் பங்குண்டு. முழு வெண்மையை நோக்கித் தேர்ந்தெடுத்துக்கொண்டே போகும்போது உட்காதிலும் அந்த அணுக்கள் இல்லாமல் போகின்றன. அப்படிப் பிறந்த குட்டியின் காது மூன்றாம், நான்காம் வாரத்துக்குள் உள்ளுக்குள்ளேயே அழிந்துவிடுகிறது. டால்மேஷியன் இனத்தில் இது பல காலமாக ஆராயப்பட்ட செய்தி. ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை உங்களைப் போன்றவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கைதட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியோ வெளித்தோற்றத்தில் முழு நலத்தோடு இருப்பதாகவே தோன்றும், வளர்ந்தபின் அக்குறையைத் தன் குட்டிகளுக்கும் கொடுக்கும். ஐந்து, ஆறு வாரத்துக்கு மேல் செய்யும் செவிநரம்பு மின்பரிசோதனை ஒன்றே உறுதியாகச் சொல்லும்.

ஒரே வீட்டு நாய்களுக்குள் இணை சேர்த்தால் இந்தக் குறைகள் மேன்மேலும் கூடும். குட்டிகளின் எண்ணிக்கை குறையும், பிறந்த சில நாட்களில் இறப்பவை பெருகும். வேறு ஊர்களில் இதே இனம் வைத்திருப்போருடன் பேசி, மூன்று நான்கு தலைமுறைக்கு உறவில்லாத ஆண் நாயைத் தேடிப் பயன்படுத்துங்கள். அதற்கும் கைகொடுப்பது பதிவேடுதான். மூன்று தலைமுறையாக வளர்க்கும் குடும்பம் என்கிறீர்கள். எது எதற்குப் பிறந்தது என்று நினைவில் இருப்பவற்றை இன்றே எழுதி வைத்தால், அது உங்கள் வீட்டுக்கு மட்டுமன்றி அந்த இனத்துக்கே பயன்படும்.

கேள்வி: நாய்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் விடுதி நடத்துகிறேன். நான் குட்டி எடுப்பதில்லை. எனக்கும் இது பொருந்துமா? (தொழில்முனைவோர்)

பதில்: பொருந்தும். விடுதி நடத்துவோர், இடைத்தரகர், வணிகர் ஆகியோரையும் ‘இனப்பெருக்கம் செய்பவர்’ என்ற வரையறை உள்ளடக்குகிறது. செல்லப் பிராணிக் கடைகளுக்கு 2018-இல் தனி விதிகள் வந்துவிட்டன.

கேள்வி: குட்டிகளை 30, 35 நாளிலேயே கேட்கிறார்கள். சின்னதாக இருந்தால்தான் நம்மோடு ஒட்டும் என்பது வாங்குவோரின் எண்ணம். எட்டு வாரம் வைத்திருந்தால் ‘பெரிசாயிடுச்சு’ என்று விலை குறைத்துக் கேட்கிறார்கள். என்ன செய்வது? (பிரீடர் ஒருவர்)

பதில்: எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது விதி. விற்கும் முன் மைக்ரோசிப் பொருத்தி, வயதுக்கேற்ற தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கம் செய்திருக்க வேண்டும். பொது இடத்தில் வைத்து விற்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நாயை விற்பதாயின் கருத்தடை செய்தே கொடுக்க வேண்டும். அதை வாங்குபவரும் பதிவு பெற்ற இனப்பெருக்கம் செய்பவராக இருந்தால் மட்டும் இதற்கு விலக்கு.

வாங்குவோரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இது. நாய்க்குட்டி உலகத்தோடு பழகக் கற்றுக்கொள்வது மூன்றாம் வாரத்தில் தொடங்கி 12, 14 வாரம் வரை நடக்கிறது. அதில் முதற்பாதியைத் தாயோடும் உடன்பிறப்புகளோடும் கழிக்க வேண்டும். ஐந்து வாரக் குட்டி தன் சகோதரனின் காதைக் கடிக்கிறது. அது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடுகிறது. தாயின் மடியில் பல் பட்டால் தாய் எழுந்து போய்விடுகிறது, அல்லது மூக்கால் அழுத்தி அதட்டுகிறது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி இப்படித்தான் தெரிந்துகொள்கிறது. 30 நாளில் பிரித்துக் கொண்டுபோன குட்டி அந்தப் பாடத்தைக் கற்காமலேயே வீட்டுக்குள் வருகிறது. ஆறேழு மாதம் கழித்து, ‘கடிக்கிறது டாக்டர்’ என்று என்னிடம் கொண்டுவரப்படும் நாய்களின் பழங்கதையைக் கேட்டால், எத்தனையோ முறை இதுதான் விடையாக வருகிறது. ஒட்டுதலைப் பற்றியும் அவர்கள் அஞ்சத் தேவையில்லை, எட்டு வாரத்துக்குப் பிறகும் மனிதரோடு ஒட்டுவதற்கு நிறைய காலம் மிச்சமிருக்கிறது.

கேள்வி: இணையத்தில் விளம்பரம் பார்த்து, பேருந்து நிலையத்தில் வைத்துக் குட்டியை வாங்கினோம். நான்காம் நாள் பார்வோ (குட்டிகளைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய்) என்றார்கள், ஏழாம் நாள் இறந்துவிட்டது. என் மகள் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. விற்றவர் கைப்பேசியை எடுப்பதில்லை. யாரிடம் புகார் செய்வது? (தாய் ஒருவர்)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகளிடம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்: அவள் கவனிப்பில் எந்தக் குறையும் இல்லை. பார்வோ கிருமி உடலுக்குள் சென்று நோயாக வெளிப்பட மூன்று நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். நான்காம் நாளில் நோய் வந்தது என்றால், அந்தக் குட்டி பெரும்பாலும் கிருமியோடுதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

புகாரை எழுத்து மூலமாக மாநில விலங்குகள் நல வாரியத்துக்கும், மாவட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கும், காவல் நிலையத்துக்கும் அனுப்புங்கள். விளம்பரத்தின் படம், பணம் அனுப்பிய விவரம், குறுஞ்செய்திகள், மருத்துவரின் சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றை இணையுங்கள். விற்றவருக்குப் பதிவு இருக்கிறதா என்று வாரியத்திடம் கேளுங்கள். இழப்பீட்டுக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை அணுகலாம். வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே மனு செய்ய முடியும்.

வதைத் தடுப்புச் சட்டத்தின் தண்டனை என்ன என்றும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அச்சட்டத்தின் கீழான விதிகளை மீறினால் அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் எழுதப்பட்ட தொகை அது. ஒரு குட்டியை விற்றுக் கிடைக்கும் பணத்துக்கு முன்னால் 100 ரூபாய் எவரையும் தடுக்காது. இந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்று விலங்கு நலத் துறையில் இருப்போர் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். ஆகவே சட்டத்தில் இன்று உண்மையான வலிமை உள்ளது பதிவை ரத்து செய்யும் அதிகாரத்தில்தான். பதிவே இல்லாதவரிடம் அதுவும் செல்லாது என்பதால், பதிவு பெற்றவரிடம் மட்டும் வாங்குவது இன்றியமையாததாகிறது.

அடுத்த முறை, குட்டியை அது பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டத்துக்கு லூசி சட்டம் என்று பெயர். பண்ணை ஒன்றில் ஈற்றுக்கு மேல் ஈற்று எடுக்கப்பட்டு, நலிந்த நிலையில் மீட்கப்பட்ட ஒரு பெட்டை நாயின் பெயர் அது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் மூலம் விற்பதை அச்சட்டம் தடுத்துவிட்டது. வாங்குபவர் தாயைப் பார்த்துவிடுகிற நிலை வந்தால், தாயை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதை மறைக்க முடியாது அல்லவா? பேருந்து நிலையத்திலும் சாலையோரத்திலும் குட்டியைக் கைமாற்ற விரும்புகிறவர் தாயை உங்கள் கண்ணில் காட்ட விரும்பாதவர் என்றே கொள்ளுங்கள். பதிவு எண், ரசீது, தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் எண் ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைக் கருவியால் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு மருத்துவக் குறிப்பும் உண்டு. பார்வோ கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரண சோப்பும் கை சுத்திகரிப்பானும் அதை அழிப்பதில்லை. ஒரு பங்கு சலவை பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, தரையைக் கழுவிய பின் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். தட்டு, விரிப்பு முதலியவற்றை அப்புறப்படுத்திவிடுங்கள். அடுத்து வரும் நாய், 16 வாரம் வரையிலான தடுப்பூசி வரிசையை முடித்ததாக இருக்கட்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஊசிகளை வேலை செய்ய விடாமல் தடுக்கக்கூடும் என்பதால்தான் அந்தக் கடைசி ஊசி இவ்வளவு முக்கியமாகிறது.

கேள்வி: என் பெட்டைக்கு ஏழரை வயது. ஐந்து ஈற்று முடிந்துவிட்டது. இனி அதற்குத் தீனி போடுவது நட்டம் என்கிறார்கள் தொழிலில் இருக்கும் நண்பர்கள். ஊருக்கு வெளியே விட்டுவிடுவதும் உண்டாம். எனக்கு மனம் வரவில்லை. விதி ஏதாவது சொல்கிறதா? (இளைஞர்)

பதில்: பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவின்கீழ் குற்றம். அந்த நாயின் மைக்ரோசிப் எண் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. முதலில் கருத்தடை செய்துவிடுங்கள். வயதான பெட்டைகளுக்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வருவதுண்டு, உயிருக்கே ஆபத்தான அந்த நோயை இது தடுத்துவிடும். உங்களால் வைத்துக்கொள்ள இயலாவிட்டால், விலங்கு நல அமைப்பு ஒன்றின் துணையோடு அதற்கு ஒரு வீடு தேடுங்கள். பல குடும்பங்கள் குட்டியைவிட வளர்ந்த நாயையே விரும்புகின்றன, குறிப்பாக வயதானவர்கள் இருக்கும் வீடுகள். ஈற்றுக் கவலையில்லாமல், மடி வற்றி, எடை தேறி, ஒன்பதாம் வயதில் குட்டிபோல ஓடி விளையாடிய பெட்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டில் அதன் பக்கத்தை மூடிவிடாதீர்கள். ஐந்தாம் ஈற்றுக்குக் கீழே கருத்தடை செய்த தேதியை எழுதுங்கள். அதற்கும் கீழே, அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த ஆய்வுக்கு வருபவர் அந்த முகவரிக்கே போய்ப் பார்த்தாலும் நாய் அங்கே இருக்க வேண்டும்.